நடுக்கோட்டைத் தாண்டாத மச்சம்

என் இடது விலாவில் தொடங்கி, வயிற்றின் மேல் வளைந்து இறங்கி, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும் ஒரு பழுப்புப் பட்டை எனக்குப் பிறவியிலிருந்தே உண்டு. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் அது ஒரே பட்டை இல்லை. கடுகளவு மருக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்பது தெரியும். ஆங்காங்கே வரிசை விட்டுப்போய், அந்த இடத்தில் தோல் சாதாரணமாக இருக்கும், பிறகு மறுபடி தொடரும். நிறமும் சொரசொரப்பும் எனக்குப் பழகிவிட்டன. பழகாதது அது நிற்கும் இடம்தான். நெஞ்செலும்பிலிருந்து தொப்புள் வரை ஒரு நேர்கோடு போட்டால், சரியாக அந்தக் கோட்டில் வந்து வெட்டுப்பட்டு நிற்கிறது. வலது பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

இப்படி ஒரு அடையாளத்தோடு பெண் குழந்தை பிறந்தால் கேள்வி முதலில் அம்மாவிடம்தான் போகும். என்ன சாப்பிட்டாய், எதைப் பார்த்துப் பயந்தாய், எங்கே அடிபட்டாய். உலகம் முழுக்க இதே விசாரணைதான். 'யானை மனிதன்' என்று 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட ஜோசப் மெரிக், தன் அம்மா கர்ப்பமாக இருந்தபோது ஒரு யானை அவரைக் கீழே தள்ளிப் பயமுறுத்தியதுதான் காரணம் என்று தானே எழுதிவைத்திருக்கிறார். என் அம்மா யானைக் கதை எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் வளர்ந்த பிறகும், "என்ன பண்ணித் தொலைச்சேன்னு எனக்கே தெரியலடி" என்று ஒருமுறை சொன்னார். அத்தனை வருஷம் அதை மனசில் வைத்திருந்திருக்கிறார்.

அம்மா ஒன்றும் பண்ணவில்லை. அப்பாவும் இல்லை. அவர்கள் இருவரும் எனக்குக் கொடுத்த மரபணுக்களில் இந்தப் பட்டை கிடையாது. அது எனக்குள், நான் கருவாக இருந்தபோது உண்டானது.

எல்லோரும் ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்குகிறோம். அந்தச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பல லட்சம் கோடியாகப் பெருகுகிறது. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ., அதாவது எழுத்து எழுத்தாகக் கோக்கப்பட்ட மரபுக் குறிப்பு, முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். அம்மா பங்கு சுமார் 300 கோடி எழுத்து, அப்பா பங்கு அதே அளவு. ஓலைச்சுவடியைப் படியெடுத்த காலத்தில் ஒருவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதப்பட்ட ஏடுகளில் எல்லாம் அந்தப் பாடபேதம் தொடரும், வேறு ஊர்ப் பிரதியில் பழைய பாடமே இருக்கும். செல்களிலும் இதுதான் நடக்கிறது. எழுத்து மாறிய செல்லின் வாரிசுகளிடம் மட்டும் அந்த மாற்றம் இருக்கும், மற்றவற்றில் இருக்காது. ஒரே ஆளின் உடம்பில், ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரண்டு விதமான செல் கூட்டங்கள். இதைத்தான் மருத்துவத்தில் மொசைக் நிலை என்கிறார்கள்.

பெரும்பாலான எழுத்து மாற்றங்களால் எதுவும் ஆவதில்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் அவை ஏராளம். செல்லின் வளர்ச்சியை முடுக்கிவிடும் ஒரு மரபணுவில், குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் விழுந்தால்தான் விஷயம் வெளியே தெரியும். காலம் முக்கியம். மிக முன்பே விழுந்தால் தோல், எலும்பு, மூளை என்று பல இடங்களுக்குப் போகும் செல்களில் மாற்றம் பரவிவிடும். தாமதமாக விழுந்தால் ஓர் உள்ளங்கை அகல மச்சத்தோடு முடிந்துவிடும். பிறவி மச்சம் மட்டும் உள்ள குழந்தைக்கும், மச்சத்தோடு வலிப்பும் கண் அழுத்தமும் உள்ள குழந்தைக்கும் மரபணுவில் நடந்தது அதே பிழையாக இருக்கலாம். வேறுபடுவது அது நடந்த நேரமும் விழுந்த செல்லும்.

சரி, என் பட்டை ஏன் நடுக்கோட்டில் நிற்கிறது? இதற்கான வரைபடம் 1901இலேயே தயாராகிவிட்டது. பெர்லினைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ, கோடு கோடாக வரும் தோல் பிரச்சினைகள் உள்ள நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, ஒவ்வொருவர் உடம்பிலும் இருந்த கோட்டை வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். பிரெஸ்லாவில் நடந்த ஜெர்மன் தோல் மருத்துவர்கள் கூட்டத்தில் அதை முன்வைத்தார். முதுகில் தண்டுவடத்தை நோக்கி இறங்கும் 'வி' வடிவம், விலாவிலும் வயிற்றிலும் 'எஸ்' போன்ற வளைவு, கைகால்களில் நெடுக்காக ஓடும் கோடுகள், உச்சந்தலையில் சுழி. நரம்பு போகும் வழியோடு இது பொருந்தவில்லை. ரத்தக் குழாயோடும் பொருந்தவில்லை. கருவில் தோல் செல்கள் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் பெருகி நகர்ந்த பாதைதான் அது என்று பிறகு புரிந்தது. இடது பக்கத்துக்குக் கிளம்பிய செல்லின் வாரிசுகள் வலது பக்கம் போவதில்லை. அதனால்தான் அந்த வெட்டு.

பிளாஷ்கோவின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் பட்டை அதில் எந்தக் கோடு என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இந்தக் கோடுகள் எல்லோருக்கும் உண்டு. எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இருப்பதால் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எல்லா மொசைக் மச்சமும் இந்தக் கோட்டில் போகும் என்றும் இல்லை. தோலின் மேலடுக்குச் செல்லில் மாற்றம் விழுந்தால் மெல்லிய கோடு. ரத்தக் குழாய்ச் செல்லில் விழுந்தால் திட்டுத் திட்டான சிவப்பு. போர்ட் ஒயின் கறை என்று சொல்லப்படும் மச்சம் இந்த வகை. நிறமிச் செல்களின் பரம்பரையில் விழுந்தால் கருமையான, சில சமயம் முடி அடர்ந்த பெரிய மச்சங்கள்; முதுகு முழுவதையும் மூடுகிற அளவுக்குக்கூட வரும். மெக்யூன்-ஆல்பிரைட் நோய்க்குறியில் (பல கோளாறுகள் சேர்ந்து வரும் நிலையை நோய்க்குறி என்பார்கள்) அகலமான பழுப்புத் திட்டு, ஒழுங்கற்ற ஓரத்தோடு, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் நடுக்கோட்டை ஒட்டி நிற்கும். கூடவே எலும்பு பலவீனமும், ஐந்தாறு வயதுக்கு முன்பே பருவமடைவதும் வரலாம். அதற்குக் காரணமான ஜிஎன்ஏஎஸ் மரபணு மாற்றம் 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. வடிவத்தைப் பார்த்தே எந்த வகைச் செல்லில் பிழை என்று ஊகிக்கும் தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ள ஒருவர் பார்க்கும்போது கூட இருந்து கவனிக்க வேண்டும், கைரேகை பார்ப்பது மாதிரி இருக்கும், ஆனால் சொல்வது பலிக்கும்.

எனக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர்தான். நான் போனது வேறெதற்கோ. விலாவைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கா?" என்பது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. மச்சத்துக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? "வலிக்குதா, அரிக்குதா" என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

சம்பந்தம் உண்டு. எப்படி என்று அவர் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. "உங்களுக்கு இது பரம்பரையா வரல. உங்ககிட்டேர்ந்து பரம்பரையா போகுமாங்கறது வேற கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பரம்பரை நோயா என்று கேட்டால் நாம் எதிர்பார்க்கும் பதில் ஆம் அல்லது இல்லை. மொசைக் மச்சத்துக்கு அந்த இரண்டுமே பொருந்தாது. மேலே இருந்து வரவில்லை. கீழே போகுமா என்பது, எழுத்து மாறிய அந்தச் செல்லின் வாரிசுகள் தோலோடு நின்றுவிட்டனவா, சினைப்பை அல்லது விதைப்பை வரை போய்ச் சேர்ந்தனவா என்பதைப் பொறுத்தது. தோலுக்கும் இனப்பெருக்கச் செல்களுக்கும் உரிய மூதாதைச் செல்கள் பிரிந்துபோவதற்கு முன்பே பிழை விழுந்திருந்தால் இரண்டிலும் இருக்க வாய்ப்பு உண்டு.

போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தூக்கம் போன இடம். அம்மாவுக்கு ஒரு பட்டை இருந்தால் குழந்தைக்கும் ஒரு பட்டை வரும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அப்படி வராது. குழந்தை ஒரே செல்லிலிருந்து தொடங்குகிறது. அந்த ஒரு செல்லில் மாற்றம் இருந்தால் குழந்தையின் எல்லாச் செல்லிலும் இருக்கும். பட்டையாகப் போகவே வழியில்லை. ஒன்று, எதுவும் போகாது. இல்லையென்றால் முழுதாகப் போகும்.

இது வெறும் கணக்கு இல்லை, நடந்திருக்கிறது. கோடு கோடான சொரசொரப்பு மச்சங்களில் ஒரு வகைக்குக் காரணம் கேஆர்டி10 போன்ற கெரட்டின் மரபணுக்களில் விழும் பிழை. தோலின் மேலடுக்குச் செல்களுக்கு உள்ளிருந்து உறுதி தருவது கெரட்டின் இழைகள். பிழையான இழை உள்ள செல் எளிதில் உடைந்துவிடும். மச்சம் உள்ளவருக்கு அது அந்தக் கோட்டில் மட்டும் நடக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட சிலருக்குப் பிறந்த குழந்தைகள் உடம்பு முழுக்கச் சிவந்து, கொப்புளங்களோடு பிறந்து, வளர வளரத் தோல் முழுவதும் செதிள் செதிளாகத் தடிக்கும் நோயோடு இருந்தார்கள். 1994இல் ஏமி பாலரும் அவருடைய குழுவினரும் இதை மரபணு மட்டத்தில் காட்டினார்கள். பெற்றோரின் மச்சத் தோலில் கெரட்டின் பிழை இருந்தது, பக்கத்தில் இருந்த நல்ல தோலில் இல்லை, குழந்தையிடம் அதே பிழை முழுதாக இருந்தது.

ஆகவே எனக்கு ஒரு சின்ன பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு ஒரு வட்டத்தைத் தோலிலிருந்து எடுத்து, ஒரு தையல் போட்டார்கள். இந்தக் கெரட்டின் வகையாக இருந்தால் நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும். மேலடுக்குச் செல்கள் உள்ளே குமிழிட்டு, உடைந்து, கரடுமுரடான துகள்களோடு இருக்கும். என் தோலில் அது இல்லை. மேலடுக்கு தடித்திருந்தது, செல்கள் முழுசாக இருந்தன. மரபணுப் பரிசோதனைக்குப் போகவேண்டிய தேவை வரவில்லை. முடிவு வரும்வரை கணவரிடம் சரியாகப் பேசவே இல்லை. வந்த அன்று இரண்டு பேரும் வெளியே போய், அதைப் பற்றித் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

என்னுடையதைப் போன்ற, செல் உடையாத வகை மச்சங்களில் பலவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் பிழை காணப்படுகிறது. அதில் அடிக்கடி தென்படும் ஓர் எழுத்து மாற்றம், உடம்பின் எல்லாச் செல்லிலும் இருந்தால் தனடோஃபோரிக் டிஸ்பிளேசியா என்ற கடுமையான எலும்பு வளர்ச்சிக் கோளாறு. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த சில மணி அல்லது சில நாட்களில் இறந்துவிடுகிறார்கள். அதே எழுத்து. ஒருவருக்கு விலாவில் ஒரு சொரசொரப்புப் பட்டை.

இந்த முரணை 1987இல் தெளிவாகச் சொன்னவர் ஜெர்மனியின் தோல் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்லே. சில நோய்க்குறிகள் ஏன் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே வருகின்றன, ஏன் எப்போதும் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஏன் ஒருபோதும் உடம்பு முழுக்கப் பரவி வருவதில்லை என்ற கேள்விகளுக்கு அவர் ஒரே விடை வைத்தார். அந்த மாற்றம் எல்லாச் செல்லிலும் இருந்தால் கரு பிழைக்காது. நல்ல செல்களோடு கலந்து இருப்பதால்தான் இவர்கள் பிறந்து நம் முன்னால் இருக்கிறார்கள். இதை மரபணு மட்டத்தில் சரிபார்க்கும் வசதி அப்போது இல்லை. வடிவத்தையும் குடும்ப வரலாற்றையும் வைத்து மட்டுமே சொன்னார். எனக்கு இந்தத் துறையில் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கண்ணால் பார்த்து, யோசித்து, கால் நூற்றாண்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

2011இல் லெஸ்லி பீஸெக்கரின் குழு புரோட்டியஸ் நோய்க்குறிக்குக் காரணமான ஏகேடி1 மாற்றத்தைக் கண்டுபிடித்தது. ஒரு கை, ஒரு கால், ஒரு விரல் என்று ஒழுங்கில்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும் நோய் அது. மெரிக்குக்கு இருந்ததும் அதுவாகவே இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். மாற்றம் தென்பட்ட நோயாளிகளிடம் அது கலவையாகத்தான் இருந்தது, ஹாப்லே சொன்ன மாதிரியே. 2013இல் ஸ்டர்ஜ்-வெபர் நோய்க்குறியின் காரணமும் தெரிந்தது. முகத்தில் போர்ட் ஒயின் கறை, கண்ணில் அழுத்தம், மூளையின் மேலுறையில் அசாதாரண ரத்தக் குழாய்கள், அதனால் வலிப்பு. ஜிஎன்ஏக்யூ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், 26 பேரில் 23 பேரிடம். எந்த நோய்க்குறியும் இல்லாமல் போர்ட் ஒயின் கறை மட்டும் இருந்த 13 பேரில் 12 பேரிடமும் அதே எழுத்து.

அந்த ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு. பாதிக்கப்பட்ட திசுவிலேயே, மாறிய எழுத்தின் பங்கு 1 முதல் 18 சதவீதம் வரைதான் இருந்தது. இத்தனை காலம் பிடிபடாமல் போனதற்கு இதுவே காரணம். பழைய முறையில் டி.என்.ஏ. வாசித்தால் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மாற்றம் இரைச்சலில் மறைந்துவிடும். ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவிகள் வந்த பிறகே அது கண்ணில் பட்டது. இதை நடைமுறைக்காகவும் சொல்கிறேன். இவ்வகை மச்சங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து "மரபணுவில் ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. ரத்தச் செல்கள் வேறு கிளை. மச்சத்திலிருந்தே திசு எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஆழமாக வாசிக்கும் முறையில். பணத்தைக் கொடுத்து ரத்தச் சோதனை செய்துவிட்டு நிம்மதியாகவோ ஏமாற்றமாகவோ இருக்கும் பெற்றோர்களை இணையக் குழுக்களில் நிறையப் பார்க்கிறேன்.

அப்புறம், திசு அறிக்கை வந்தவர்கள் அதிலிருக்கும் மரபணுவின் பெயரைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்து நடுங்கிப்போவதையும் பார்க்கிறேன். என்ஆர்ஏஎஸ், ஹெச்ஆர்ஏஎஸ், பிஐகே3சிஏ, எல்லாமே புற்றுநோய்ப் பட்டியலில் வரும் பெயர்கள். அது உண்மைதான், ஒரே மரபணுக்கள்தான். ஜிஎன்ஏக்யூவில் வேறோர் இடத்தில் விழும் மாற்றம் கண்ணின் நிறமிச் செல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் செல்லுக்கு 'வளர்' என்று சொல்லும் ஓர் ஆணை மட்டும் சிக்கிக்கொண்டால் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை. வேறு பல தடைகளும் உடைய வேண்டும். பெரும்பாலான பிறவி மச்சங்கள் வாழ்நாள் முழுக்க மச்சமாகவே இருந்துவிடுகின்றன. மிகப் பெரிய கருமச்சங்களைத்தான் கவனமாகப் பின்தொடர வேண்டும். அங்கே மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் ஆபத்து நிஜம். குழந்தையின் நெற்றியிலோ மேல் இமையிலோ போர்ட் ஒயின் கறை இருந்தால் கண் அழுத்தத்தைச் சீக்கிரமே பார்த்துவிட வேண்டும். பிறந்த குழந்தைகளின் பிடரியிலும் இமையிலும் வரும் வெளிர் சிவப்புத் திட்டு வேறு விஷயம், அதற்கெல்லாம் பதற வேண்டாம்.

புற்றுநோயோடு இருக்கும் இந்த உறவால் ஒரு நன்மையும் வந்தது. பிஐகே3சிஏ மாற்றத்தால் ஒரு கை, ஒரு கால் அல்லது உடம்பின் ஒரு பகுதி மட்டும் கொழுப்பும் ரத்தக் குழாய்களுமாகப் பெருத்துவிடும் குழந்தைகள் உண்டு. அதே மரபணுப் பிழை உள்ள மார்பகப் புற்றுநோய்க்காக உருவான அல்பெலிசிப் என்ற மாத்திரையை பாரிஸில் கியோம் கனோவின் குழு இவர்களில் 19 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டது. பெருத்த பகுதிகள் சுருங்கின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரை எழுத்தைத் திருத்துவதில்லை, மாறிய எழுத்து போடும் கூச்சலை அடக்குகிறது. நிறுத்தினால் வளர்ச்சி திரும்பலாம். என் பட்டைக்கு இதெல்லாம் தேவையில்லை. லேசரில் சீவலாம், ஆனால் ஆழம் போதாமல் போனால் திரும்பி வரும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல உடம்பில் பிழை விழுந்த கதை. நேர் எதிரும் நடக்கிறது. அதே கேஆர்டி10 மரபணுவில், வேறொரு வகைப் பிழையோடு, எல்லாச் செல்லிலும் அதைச் சுமந்துகொண்டு பிறக்கும் சிலர் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே தோல் முழுக்கச் சிவப்பு, செதிள். சின்ன வயதில் அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரு புள்ளி நல்ல தோல் முளைக்கும். பிறகு இன்னொன்று. வயது ஏற ஏற நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆகும், ஒவ்வொன்றும் மெல்லப் பெரிதாகும். 2010இல் கீத் சோட்டும் சக ஆய்வாளர்களும் அந்தப் புள்ளிகளிலிருந்து செல் எடுத்துப் பார்த்தார்கள். செல் பிரியும்போது அம்மா பங்குக் குரோமோசோமும் அப்பா பங்குக் குரோமோசோமும் ஒரு துண்டைப் பரிமாறிக்கொண்டதில், பிழையான பிரதி வெளியேறி, நல்ல பிரதி இரண்டு இருக்கும் செல் உருவாகியிருந்தது. துண்டு வெட்டுப்பட்ட இடம் புள்ளிக்குப் புள்ளி வேறு, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் திருந்தியது. தொட்டாலே தோல் உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோயிலும் இப்படித் தானாகச் சரியான திட்டுகள் சிலருக்கு உண்டு. நெதர்லாந்தில் மார்செல் யோங்க்மன் அதை 1997இலேயே காட்டினார். பின்னாளில் அவருடைய குழுவினர் அப்படியொரு திட்டிலிருந்து சின்னச் சின்ன வட்டங்களாகத் தோலை எடுத்து, அதே நோயாளியின் ஆறாத புண்ணில் பதித்தார்கள். அது பிடித்துக்கொண்டது, பதித்த இடத்தில் கொப்புளம் வரவில்லை.